ஞாயிற்றுக்கிழமைப் பெட்ரோல்

பத்துக் கட்டளைகளில் நான்காவதை எடுத்துப் பாருங்கள். ஓய்வுநாளில் யார் யார் வேலை செய்யக் கூடாது என்று அதில் வரிசையாகச் சொல்லியிருக்கும். வீட்டுக்காரன், அவன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, தொழுவத்து மாடு, வாசலுக்குள் வந்து தங்கிய வெளியூர்க்காரன் வரைக்கும் எல்லாரும் இருக்கிறார்கள். மனைவி இல்லை. ஞாயிறு பள்ளியில் இதை மனப்பாடமாக ஒப்பித்துப் பரிசாகச் சோப்பு டப்பா வாங்கியவள் நான். அப்போது இது எனக்கு உறைக்கவில்லை. கல்யாணமாகி என் வீட்டுக்காரரின் ஞாயிற்றுக்கிழமைகளுக்குள் வந்து விழுந்த பிறகுதான் உறைத்தது.

அவர் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓவர்டைம் பார்க்கப் போன இடத்தில், மிஷின் அவருடைய இடது கைச் சுண்டு விரலை எடுத்துக்கொண்டது. ஆண்டவர் தன்னை எச்சரித்துவிட்டார் என்று அன்றைக்கு அவர் முடிவு செய்தார். அதிலிருந்து ஞாயிறு என்றால் மில் கிடையாது, கடை கிடையாது, பஸ் கிடையாது, போன் கிடையாது, அடுப்பும் கிடையாது. பஸ்ஸில் ஏறினால் டிரைவரையும் கண்டக்டரையும் வேலை வாங்கிய பாவம் வரும் என்பார். ஞாயிற்றுக்கிழமை வேலை பார்த்தவர் விரலையெல்லாம் ஆண்டவர் எடுப்பதாக இருந்தால் ராஜபாளையத்தில் பாதிப் பேருக்குக் கை மொட்டையாக இருக்கும் என்று நான் சொல்லியிருக்கிறேன். அவர் சிரிக்க மாட்டார்.

அவரைப் போலி என்று சொல்லவும் முடியாது. ஞாயிறு ஷிப்டுக்கு வர மாட்டேன் என்று நின்றதால், அவருக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்களெல்லாம் சூப்பர்வைசர் ஆகிவிட்டார்கள். இவர் இன்னும் கையில் ஸ்பேனரோடுதான் நிற்கிறார். அதைப் பற்றி ஒரு நாளும் முனகியதில்லை. போலியாக இருந்திருந்தால் எனக்குச் சண்டை போடச் சுலபமாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஆயத்தம் நடக்கும். அவர் மேல்தொட்டியில் தண்ணீர் ஏற்றுவார், மறுநாள் சட்டையைத் தேய்ப்பார், என் பழைய ஸ்கூட்டரை பங்க்குக்கு எடுத்துப் போய் ஒரு வாரத்துக்கான பெட்ரோல் போட்டுக்கொண்டு வருவார். கடைசியாக எல்லார் போனையும் அணைத்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவார். ஆறு நாளும் பேண்டேஜ் கம்பெனியில் காயத்துக்குக் கட்டும் காஸ் துணி மடித்துவிட்டு வரும் நான், அந்தச் சாயங்காலத்தில் இரண்டு நாள் சமையலைச் செய்து முடிக்க வேண்டும். ஞாயிறன்று அதை எடுத்து வைத்துப் பரிமாறுவதும், எச்சில் தட்டுக் கழுவுவதும், பாய் சுருட்டுவதும் எந்தக் கட்டளைக் கணக்கிலும் வேலையாகச் சேரவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். போலீஸ் வேலைதான் வேண்டும் என்று பள்ளிக்கூட நாளிலிருந்தே பிடிவாதம். டிகிரி முடித்துவிட்டு, விடியுமுன் எழுந்து மைதானத்தில் ஓடுவாள், பகலெல்லாம் படிப்பாள். முதல் தடவை எழுத்துத் தேர்வில் கொஞ்சத்தில் தவறிப்போனது. இரண்டாம் தடவை விண்ணப்பித்தபோது அதுதான் கடைசி என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அடுத்த அறிவிப்பு வரும்போது அவளுக்கு வயது தாண்டிவிடும். ஹால் டிக்கெட் வந்தது. தேர்வு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில், ஞாயிற்றுக்கிழமை காலையில்.

முதல் தடவைத் தேர்வு வாரநாளில் வந்ததால் தப்பித்திருந்தோம். அவர் ஹால் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார், கை கழுவப் போனார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அவர் அப்படி எழுந்து போனால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

நான் நேராகப் போதகரிடம் போனேன். அவர் அந்த வாரமே வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, பொறுமையாகவே பேசினார். ஓய்வுநாள் யூதருக்குச் சனிக்கிழமை, நமக்கு ஞாயிறு உயிர்த்தெழுந்த நாள், ஆராதனைக்குரிய நாள், ஆனால் பழைய ஓய்வுநாளின் சட்டதிட்டம் நம் கழுத்தில் இல்லை என்றார். இயேசு ஓய்வுநாளில் நோயாளியைக் குணமாக்கியதை எடுத்துச் சொன்னார். மனிதனுக்காகத்தான் அந்த நாள் என்றார். என் மகள் கதவோரம் நின்று, மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். இவர் தலைகுனிந்தபடி எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"நாலாவது கட்டளைக்கு இப்படி ஒரு விளக்கம் இருக்குன்னா, மத்த ஒம்பதுக்கும் இருக்கா ஐயா? களவுக்கு, பொய்க்கு, கொலைக்கு?"

போதகர் அதற்கும் ஏதோ பதில் சொன்னார். அன்பு, பிரமாணம் என்று நீளமாகப் போனது. சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. நான் காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். இவ்வளவு படித்த மனுஷன் ஒரு ஃபிட்டரிடம் திணறுகிறாரே என்று எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது.

தேர்வுக்கு முந்தின நாள் காலையில் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, நானும் மகளும் ஸ்கூட்டரில் போய்க் கல்லூரியைப் பார்த்துவிட்டு வந்தோம். எந்தக் கேட், எந்தக் கட்டடம் என்று பார்த்து வைத்தால் மறுநாள் பதற வேண்டாமே. சாயங்காலம் அவர் மில்லிலிருந்து வந்ததும், இனிமேல் பொறுக்க முடியாது என்று நானே பேச்சை எடுத்தேன். அந்த வரிசையில் பெண்டாட்டி இல்லை, அதனால் என்னை ஓய்ந்திருக்கச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை, நான்தான் வண்டியை ஓட்டி இவளைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன் என்றேன். இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சு அது.

அவர் கோபப்படவில்லை. "நீ இல்ல. சரி. மக இருக்கா," என்றார்.

மகள்தான் மெதுவாகப் பேசினாள். பஸ்ஸில் போக மாட்டேன், யாரையும் எனக்காக வேலை வாங்க மாட்டேன், நம் சொந்த வண்டியில் அம்மாவோடு போய் எழுதிவிட்டு, கடையில் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்காமல் திரும்பி வந்துவிடுகிறேன், அந்த அளவுக்காவது விடுங்கள் என்று கேட்டாள். இருபத்தைந்து வயது தாண்டிய பெண், போலீஸ் வேலைக்குப் போகப்போகிறவள், அப்பாவிடம் அப்படிக் கெஞ்சியதைப் பார்க்க எனக்குத் தாளவில்லை. அவர் எழுந்து போய்ப் போன்களை அணைத்து பீரோவில் வைத்துப் பூட்டினார். அன்றைய ஆயத்தத்தில் அதை மட்டும்தான் செய்தார். நான் சமைக்கிற மும்முரத்தில் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் அவள் தலை சீவி, ஹால் டிக்கெட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து எந்தப் பரீட்சைக்கும் அப்பா தலையில் கை வைத்து ஜெபித்துத்தான் அனுப்புவார். அவள் தலை குனிந்தாள். அவர் அந்தத் தலையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேதப்புத்தகத்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "நான் கோயிலுக்குப் போறேன்," என்று சொல்லிவிட்டு நடந்து போய்விட்டார்.

அவள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அப்பா சொல்லாமல் எப்படிம்மா போக என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், நானே ஜெபிக்கிறேன் என்று அவள் தலையில் கை வைத்தேன். ஆண்டவரே என்று ஆரம்பித்ததற்கு மேல் எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. கடைசியில் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினேன்.

ஊரைத் தாண்டும்வரை ஒன்றுமில்லை. இடது பக்கம் மலையில் மேகம் இறங்கியிருந்தது, காற்று குளிர்ச்சியாக இருந்தது. எங்களைத் தாண்டிப் போன பஸ்ஸிலெல்லாம் தேர்வுக்குப் போகும் பிள்ளைகள் படியில் தொங்கிக்கொண்டு போனார்கள். வன்னியம்பட்டிக்குப் பிரிகிற விலக்கு வருவதற்கு முன்னால் வண்டி இரண்டு முறை இழுத்தது, பிறகு நின்றுவிட்டது. உதைத்தேன், சோக்கைப் பிடித்துக்கொண்டு உதைத்தேன், அவள் இறங்கி உதைத்தாள். எங்கள் வண்டியில் பெட்ரோல் முள் எப்போதோ செத்துப்போய்விட்டது. இத்தனை வருஷமாக ஓட்டுகிறேன், ஒரு நாளும் நான் அதற்குப் பெட்ரோல் போட்டதில்லை. சனிக்கிழமை அவர் போடுவார், அது ஒரு வாரம் ஓடும். மழை தானாகப் பெய்வதுபோல, பெட்ரோலும் அதுபாட்டுக்கு இருக்கும் என்றுதான் என் நினைப்பு.

பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ரூமிலிருந்து வந்த ஒருவர் வண்டியைப் பிடித்து ஆட்டி, காதைக் கொடுத்துக் கேட்டார். டேங்க் காய்ந்து கிடக்கிறது, பங்க்குக்கு ரொம்பத் தூரம் போகணும் என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். போன் இரண்டும் பீரோவில். ஷேர் ஆட்டோக்கள் பிதுங்கி வழிந்துகொண்டு போயின. மகள் தன் வைராக்கியத்தை விட்டுவிட்டு நடுரோடு வரைக்கும் போய் பஸ்ஸுக்குக் கை காட்டினாள். நிற்கவில்லை. அடுத்ததும் நிற்கவில்லை. கேட்டை மூடிவிட்டால் யார் காலில் விழுந்தாலும் திறக்க மாட்டார்கள் என்று போன தடவையே பார்த்திருக்கிறோம். "அப்பா சொல்லாம கிளம்பினோம்லம்மா," என்று அவள் சொன்னபோது அவளை அறைந்துவிடலாமா என்றிருந்தது.

பிறகு அவள் செருப்பைக் கழற்றினாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஹால் டிக்கெட் உறையை வாயில் கவ்விக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரைப் பார்த்து ஓட ஆரம்பித்தாள். நான் கத்தினேன். அவள் திரும்பவில்லை. மைதானத்தில் ஓடுகிற அதே ஓட்டம், முழங்கை மடங்கி, தலை ஆடாமல். அவள் ஓடிப் போய்ச் சேர முடியாத தூரம் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் செருப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டோரத்தில் நின்று சத்தமாக அழுதேன்.

அப்போதுதான் என் பின்னாலிருந்து ஒரு பைக் வந்தது. எங்கள் தெரு மாந்தோப்புக்காரர் ராஜூ வீட்டு பைக் என்று சத்தத்திலேயே தெரிந்தது. அதில் வெள்ளைச் சட்டையும் வேஷ்டியுமாக என் வீட்டுக்காரர். என்னைப் பார்த்தார், நிறுத்தாமல் போனார். தூரத்தில் அவளை எட்டிப் பிடித்து, வண்டியை நிறுத்தி இறங்கினார். இரண்டு பேரும் நின்றார்கள். நேரம் போகிறதே, ஏறித் தொலைங்களேன் என்று நான் இங்கிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். அவர் கை அவள் தலைக்குப் போனது. லாரியும் பஸ்ஸும் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற ரோட்டில், அவர் கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். பிறகு அவள் ஏறி உட்கார, வண்டி புள்ளியாகி மறைந்தது.

அவர் திரும்பி வரும்வரை நான் ஸ்கூட்டர் நிழலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். வந்தவர், கேட் மூடும்போது உள்ளே விட்டுவிட்டதாகச் சொன்னார். ஒரு தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வாங்கி வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை. பாட்டிலில் தர மாட்டோம் என்று பங்க்கில் சொன்னார்களாம், இவர் கும்பிட்டுக் கேட்டாராம். பைக் கேட்கப் போனபோது ராஜூ, "ஆதிவாரம், ஞாயித்துக்கெழம அதுவுமா நீ வண்டி கேட்டு வந்திருக்க, வீட்ல யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறிவிட்டாராம். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே டேங்க் மூடியைத் திறந்து ஊற்றினார். விரல் இல்லாத கை பாட்டிலைப் பிடித்திருந்தது, பெட்ரோல் வெளியே சிந்தியது. எனக்குள் இருந்த ஆத்திரமெல்லாம் கரைந்து, இந்த மனுஷன் தன் ஞாயிற்றுக்கிழமையை மகளுக்காக விட்டுக்கொடுத்துவிட்டாரே என்று நினைத்தேன். வண்டி நிற்கும் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

அவர் பாட்டிலைப் பார்த்தபடியே சொன்னார். "நேத்து ராத்திரியே தெரியும். படுக்கும்போது ஞாபகம் வந்துச்சு, பெட்ரோல் போடலையேன்னு."

எனக்கு முதலில் புரியவில்லை. தெரிந்தால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். எழுந்து வந்து சொல்லத்தான் நினைத்தாராம். பிறகு, தான் தடுக்க வேண்டாம், வண்டி ஓடினால் கர்த்தர் சித்தம், நின்றால் கர்த்தர் சித்தம் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாராம். காலையில் கோயிலில் கட்டளைகளை ஒவ்வொன்றாக வாசித்து சபையார் பதில் சொல்லுகிற இடம் வந்திருக்கிறது. "நாலாவதுக்கு நல்லா வாய் தொறந்து சொன்னேன். ஒம்பதாவது வந்துச்சு. எனக்கு வாய் வரல," என்றார். ஒன்பதாவது, பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது.

நான் எழுந்து நின்றேன். வாழ்க்கையில் அப்படி ஒரு கோபம் எனக்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. அவர் ஞாயிறைப் பிடித்துக்கொண்டதை நான் சகித்திருக்கிறேன். ஆறிப்போன சோற்றைச் சகித்திருக்கிறேன். வாய் திறந்து, நீ போகக் கூடாது என்று அவளைத் தடுத்திருந்தால்கூட அது ஒரு நேர்மை. கர்த்தருடைய நாளை ஒரு கண்ணியாகப் பின்னி மகள் போகிற வழியில் வைத்துவிட்டு, அதற்குச் சித்தம் என்று பெயரும் வைத்திருக்கிறார்.

"ஒங்க விரலு போனது ஞாயித்துக்கெழமைன்னு ஊரெல்லாம் சொல்லுவிய. எம்மக காலை ஒடிக்கப் பாத்தியளே, அது எந்தக் கெழமை?"

"சனிக்கெழம," என்றார். ரோட்டோரத்தில் வேஷ்டியோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நான் தூக்கிவிடவில்லை. செருப்பையும் எடுத்துக்கொண்டு, ஸ்கூட்டரைக் கிளப்பி, தனியாகக் கல்லூரிக்குப் போனேன். செத்த நேரம் கழித்து அவரும் பைக்கில் வந்து, மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றார்.

தேர்வு முடிந்து பிள்ளைகள் கூட்டமாக வெளியே வந்தார்கள். அவள் வெறுங்காலோடு ஓடி வந்தாள். என்னைத் தாண்டி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்லா எழுதியிருக்கேன்ப்பா என்றாள். அந்த விரல் போன கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, கோயிலை விட்டுட்டு வந்தியளேப்பா, எனக்காக வந்தியளேப்பா என்று அழுதாள். அவர் அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். சொல்லிவிடாதே என்று அந்தப் பார்வை கேட்கவில்லை. சொல்லிவிடு என்றுதான் கேட்டது. என்னால் முடியவில்லை. செருப்பை அவள் காலடியில் போட்டேன்.

அவள் தேறினாள். ஓட்டத்திலும் தேறி, பயிற்சி முடித்து, இப்போது ஒரு ஸ்டேஷனில் காவலராக இருக்கிறாள். பாதி ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு டூட்டிதான். தேரோட்டம் என்றால் வாரக்கணக்கில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பந்தோபஸ்து நிற்கிறாள். அவர் இன்னும் ஞாயிறைக் கடைப்பிடிக்கிறார், விடவில்லை. ஆனால் அன்றைக்கு எங்கள் வீட்டில் சோற்றை எடுத்து வைப்பதும் தட்டுக் கழுவுவதும் அவர்தான். இது வேலை இல்லையா என்று நான் கேட்டதற்கு, இத்தனை நாளும் இல்லை என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தேன் என்றார். ஓய்வுநாள் கிறிஸ்தவனுக்குக் கட்டாயமா, இல்லையா என்று போதகர் இன்னும் விளக்கிக்கொண்டுதான் இருக்கிறார். எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காலை நீட்டிப் படுத்தால் நன்றாக இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

மகள் அந்தக் கதையைச் சொல்லாத ஆளில்லை. கிறிஸ்துமஸுக்கு வரும் சொந்தக்காரர்களிடம் சொல்லுவாள், தன்னோடு வேலை பார்க்கிற பெண்களிடம் சொல்லுவாள். தன் அப்பா உயிரைப்போல் வைத்திருந்த நாளைத் தனக்காக உடைத்துக்கொண்டு வந்தார் என்று சொல்லும்போது அவள் முகம் அப்படி இருக்கும். அவர் நைசாக எழுந்து வெளியே போய்விடுவார். வெட்கப்படுகிறார் என்று எல்லாரும் சிரிப்பார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் யூனிபார்மில் வந்து சாப்பிட்டுவிட்டு, புதிதாக வந்த ஒரு தோழியிடம் அதே கதையைச் சொல்லிவிட்டு டூட்டிக்குக் கிளம்பினாள். அவர் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடிவிட்டு என் பக்கம் திரும்பாமலே, "அவகிட்ட சொல்லிரட்டுமா?" என்று கேட்டார்.

"சொல்லுங்க," என்றேன். "ஆனா ஞாயித்துக்கெழம சொல்லாதிய. அது லேசுப்பட்ட வேலை இல்ல."

அப்படியானால் நாளைக்குச் சொல்லுகிறேன் என்றார். மறுநாள் மில்லிலிருந்து வந்தார், சாப்பிட்டார், படுத்தார். அதற்குப் பிறகும் திங்கட்கிழமைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.